மழையானாலும் விற்பனை உண்டு

பன்னிரண்டு நாற்பதுக்கு ட்விலாவின் கைபேசி அடித்தது.

அவளும் வெர்னா ஸ்டவுஃபரும் தேவாலயத்துக்கு எதிரே நிறுத்திய வேனுக்குள் உட்கார்ந்து ஹாம் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வேனின் கூரையில் மழை இரைந்தது. ஊரே தன் பழைய சாமான்களை வெளியே எடுத்து விற்கும் மே மாதச் சனிக்கிழமை அது. மூன்று தோழிகளும் காலை ஏழு மணிக்கே கிளம்பியிருந்தார்கள். எட்டரைக்குப் பிடித்த மழை இன்னும் விடவில்லை. பதினொன்றரைக்கு ரோண்டாவைக் கெட்டரிங் வீட்டு விற்பனையில் இறக்கிவிட்டு, மற்ற இருவரும் தேவாலயத்து விற்பனைக்கு வந்திருந்தார்கள். ட்விலா ஒரு இஸ்திரி மேசை வாங்கினாள். வெர்னா ஒன்றும் வாங்கவில்லை. அவர் எல்லாவற்றையும் பார்ப்பார், அபூர்வமாகத்தான் வாங்குவார்.

பேசியது ரோண்டா.

"ட்விலா, வெர்னாவக் கூட்டிக்கிட்டு உடனே வா. நான் திருடிட்டேங்கறாங்க."

"என்னத்தடி?"

"மோதிரம். அந்தம்மா போலீசுக்குப் போன் பண்ணிட்டா."

ட்விலா சாண்ட்விச்சைத் தாளோடு சுருட்டி வீசிவிட்டு வண்டியை எடுத்தாள். வெர்னா தன் பங்கை நிதானமாக மென்று முடித்தார். முப்பது வருடம் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காக எரிந்த வீடுகளைப் போய்ப் பார்த்தவர். எது தானாக எரிந்தது, எது எரிக்கப்பட்டது என்று சொல்வதுதான் வேலை. அவசரப்படுவது அவருக்குப் பழக்கமில்லை.

ரேடியோவில் ஒருவன் மழைச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தான். சிறுவர் பேஸ்பால் ஆட்டம் ரத்து. நூலகத்துப் புத்தக விற்பனை நாளைக்கு. தீயணைப்பு நிலையத்தின் சனிக்கிழமை நண்பகல் சங்குச் சோதனை இன்று கிடையாது. மில் சாலைப் பாலத்தின் மேல் தண்ணீர். ட்விலா அதை அணைத்தாள்.

"அவ எடுத்திருக்க மாட்டா, இல்ல?" என்றாள்.

"பார்ப்போம்" என்றார் வெர்னா.

ட்விலா எதிர்பார்த்த பதில் அதுவல்ல.

கெட்டரிங் வீட்டில் விற்பனையை முற்றத்திலிருந்து கார் கொட்டகைக்குள் மாற்றியிருந்தார்கள். மேசைகளில் தட்டுகள், விளக்குகள், ஈரம் பட்டு உப்பிய புத்தகங்கள். ஒவ்வொன்றிலும் விலை எழுதிய காகித டேப் ஒட்டியிருந்தது. வாசலில் ஓர் அட்டை: மழையானாலும் வெயிலானாலும் விற்பனை உண்டு. பன்னிரண்டுக்கு மேல் எல்லாம் பாதி விலை.

உள்ளே நான்கு பேர். மடக்கு நாற்காலியில் ரோண்டா, மஞ்சள் மழைக்கோட்டோடு, காலடியில் ஒரு வார்ப்பிரும்பு வாணலியுடன். சமையலறைக் கதவை மறித்துக்கொண்டு கொரின் கெட்டரிங். டொலிடோவிலிருந்து வந்திருந்த அவள் தம்பி நோலன். மூலையில், பெட்டிகளுக்கு நடுவே, பழம்பொருள் வியாபாரி பஸ்பி.

"வந்துட்டாங்கடா பட்டாளம்" என்றார் பஸ்பி.

"மிஸ் கெட்டரிங்," என்றார் வெர்னா, "என்ன நடந்துதுன்னு எனக்குச் சொல்றீங்களா?"

"எதுக்குச் சொல்லணும்? நீங்க யாரு?"

"இவளோட சிநேகிதி. ஷெரீஃப் ஆபீஸ்லேருந்து ஆள் எப்ப வராரு?"

"பாலத்துல தண்ணியாம். சுத்திக்கிட்டு வரணும். ஒண்ணரைக்குள்ள வந்துருவாரு."

"அப்ப நமக்கு முப்பத்தஞ்சு நிமிஷம் இருக்கு. சும்மா நிக்கறதுக்குப் பேசலாமே."

கொரின் கைகளைக் கட்டிக்கொண்டாள். ஆனால் பேசினாள்.

அம்மா மார்ச்சில் போய்விட்டாள். மோதிரம் அம்மாவுடையது, கொரின் அதை விரலில் போட்டிருந்தாள். செய்தித்தாள் சுற்றிய பாத்திரங்களைப் பிரித்துப் பிரித்துக் கையெல்லாம் கறுத்ததால், பதினொன்றரைக்குக் கழற்றி, சமையலறைத் தொட்டிக்கு மேலே ஜன்னலோரச் சாசரில் வைத்துவிட்டுக் கை கழுவினாள். அவசரத்தில் போட மறந்து கொட்டகைக்கு வந்துவிட்டாள். பன்னிரண்டு பத்துக்கு நினைவு வந்து போனாள். சாசர் காலி.

"நடுவுல உள்ள போனது இவ ஒருத்திதான். பன்னெண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும். பாத்ரூம் போகணும்னா. மனுஷத்தனமா விட்டேன்."

"போனேன், வந்தேன்" என்றாள் ரோண்டா. "சமையலறைய நின்னுகூடப் பார்க்கல."

"அப்ப பாக்கெட்டக் காட்டு."

"காட்ட மாட்டேன்."

"பாத்தீங்களா? பாத்தீங்கல்ல?"

ட்விலாவும் பார்த்தாள். ரோண்டாவின் வலது கை கோட்டுப் பைக்குள் இருந்தது. அவர்கள் வந்ததிலிருந்து அது வெளியே வரவேயில்லை. போன இலையுதிர் காலத்தில் பள்ளி நிதி விற்பனையில் ஒரு வெள்ளி உப்புக்குடுவை ரோண்டாவின் பைக்குள் 'தானாக விழுந்தது' ட்விலாவுக்கு ஞாபகம் வந்தது. அன்று இருவரும் சிரித்தார்கள்.

இன்று சிரிக்க முடியாது. ரோண்டா இருபத்திரண்டு வருடமாக ஒன்பதாம் எண் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். திருட்டு என்று ஒரு காகிதத்தில் பெயர் ஏறினால் போதும். அது உண்மையா என்று பார்ப்பதற்கு முன்பே, திங்கட்கிழமை காலை சாவியை வாங்கிக்கொள்வார்கள். அவள் கணவன் கில் முதுகு ஒடிந்து இரண்டு வருடமாக வீட்டில் கிடக்கிறான். அவன் மருந்துக்கான காப்பீடு அந்தப் பேருந்திலிருந்துதான் வருகிறது.

"மிஸ்டர் பஸ்பி," என்றார் வெர்னா, "நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கயேதான். பத்து மணிலேருந்து. என்னையும் சந்தேகப்படுங்க, இல்லாட்டி மனசு கஷ்டமாயிடும்."

வெர்னா அவருடைய ரப்பர் பூட்ஸைப் பார்த்தார். முழங்கால்வரை மஞ்சள் களிமண். பிறகு கொரினுக்குப் பின்னால் தெரிந்த சமையலறைத் தரையைப் பார்த்தார். வெள்ளைத் தரை. மண் இல்லை.

"பத்து மணிலேருந்து இங்க என்ன பண்ணீங்க?"

"காத்துக்கிட்டிருந்தேன். ஒரு ரயில்வே லாந்தர். நாப்பது டாலர் போட்டிருந்தாங்க இந்தம்மா. பன்னெண்டானா இருபது. பக்கத்துலயே காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்தேன். என்ன நடந்துது தெரியுமா? பன்னெண்டு ஆனதே எனக்குத் தெரியல. பன்னெண்டு அஞ்சுக்கு எவளோ ஒருத்தி வந்து முழு நாப்பதையும் குடுத்துத் தூக்கிக்கிட்டுப் போறா. அப்புறம்தான் இந்தம்மா சொல்றாங்க, மணி எப்பவோ ஆயிடுச்சேன்னு. நாப்பது வருஷத் தொழில். என் முகத்துல நானே துப்பிக்கணும்."

"நாங்களும் துப்பறோம்" என்றாள் ரோண்டா.

"வாய மூடுடி" என்றாள் ட்விலா.

வெர்னா நோலன் பக்கம் திரும்பினார். ஐம்பது வயது இருக்கும். இந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவன். வேலைக்கென்று போனவன் அப்படியே டொலிடோவில் தங்கிவிட்டான். நனைந்த தொப்பியைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தான்.

"நீங்க?"

"நான் இங்க இல்லைங்க. தெருமூலைக் கம்பத்துல நம்ம போர்டு காத்துக்குக் கீழ விழுந்துட்டதா யாரோ சொன்னாங்க. பதினொண்ணே முக்காலுக்கு டேப்ப எடுத்துக்கிட்டுப் போனேன்."

"ஆமா, என்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனான்" என்றாள் கொரின்.

"எப்ப திரும்பினீங்க?"

"போர்டை ஒட்டிக்கிட்டிருக்கும்போது பன்னெண்டு மணிச் சங்கு ஊதிச்சு. அப்புறம் ஒரு அஞ்சு நிமிஷம். அவ்வளவுதான்."

"எந்த டேப்பு?"

"இதுதான்." அலமாரியில் இருந்த அகலமான சாம்பல் நிற டேப்பைக் காட்டினான்.

வெர்னா தலையாட்டினார். மேசைகளை ஒட்டி மெதுவாக நடந்தார். ஒரு தகரக் கேக் தட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்து வைத்தார். அதில் மட்டும் விலை இல்லை. பிறகு குனிந்து ரோண்டாவின் காலடியிலிருந்த வாணலியைப் பார்த்தார். கைப்பிடியில் நான்கு டாலர் என்று எழுதிய டேப். ரோண்டா காலை நகர்த்தி வாணலியை மறைத்தாள்.

"ட்விலா," என்றார் வெர்னா, "குடைய எடு."

மூலைக் கம்பம் இருநூறு அடி தூரத்தில் இருந்தது. சாலையோர வாய்க்கால் நிரம்பி ஓடியது. வெர்னா குடைக்குள் நடந்தார். ட்விலா பாதி நனைந்தாள்.

"அவளை உக்கார வச்சுப் பாக்கெட்டப் பார்த்துட்டா முடிஞ்சு போச்சு. எதுக்கு இந்த மழையில கம்பம்?"

"பாக்கெட்டுல இருக்கிறது மோதிரம் இல்ல."

"எப்படிச் சொல்றீங்க?"

"அந்த வாணலிய நாலு டாலருக்கு யாராவது விப்பாங்களா?"

ட்விலாவுக்கு இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று புரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. பாக்கெட்டில் ஒன்று இருக்கிறது என்று வெர்னாவே ஒத்துக்கொள்கிறாரே.

மின்கம்பம் மரத்தாலானது, மழையில் கறுத்திருந்தது. பலகை அதில் நேராக நின்றது. பிளாஸ்டிக் உறை, அம்புக்குறி, கெட்டரிங் என்ற பெயர். நான்கு மூலையிலும் சாம்பல் நிற டேப் துண்டுகள்.

"கீழ்மூலையப் பிரி" என்றார் வெர்னா.

ட்விலா நகத்தால் நெம்பினாள். டேப் கெட்டியாகப் பிடித்திருந்தது. பிய்த்தபோது மரத்தூளும் சிலாம்பும் அதோடு வந்தன. டேப் இருந்த இடத்தில் மரம் வெளிர் நிறத்தில் காய்ந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் மழைத்துளிகள் இறங்கின.

"வா, போகலாம். அதை ஒட்டிடு."

ட்விலா டேப்பை அழுத்தினாள். வழுக்கியது. கம்பத்தைக் கோட்டுக் கையால் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். ஒரு நொடி நின்றது, பிறகு நாக்கு மாதிரி தொங்கியது.

"சனியன். ஒட்ட மாட்டேங்குது."

"ஆமாம்" என்றார் வெர்னா.

"புதுசா ஒரு துண்டு கொண்டு வரட்டுமா?"

"புதுசும் ஒட்டாது. எத்தனை வருஷமா யார்ட் சேலுக்குப் போற? மழையில போர்டு வைக்கிறவங்க எதைக் கொண்டு போவாங்க?"

"ஆணி. இல்லாட்டி தரையில அடிக்கிற குச்சி." ட்விலா நின்றாள். "வெர்னா!"

"மெதுவா. உள்ள போய் நீ வாயைத் திறக்கக் கூடாது. நான் கேட்டா மட்டும் பேசு."

கொட்டகைக்குத் திரும்பியபோது மணி ஒன்று இருபது. வெர்னா குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தார்.

"நோலன், உட்காருங்களேன்."

"பரவாயில்லைங்க."

"சங்கு ஊதினப்ப நீங்க எங்க நின்னீங்க?"

"கம்பத்துக்கிட்டதான். சொன்னேனே."

"நல்லாக் கேட்டுதா?"

"கேக்காம? ஊருக்கே கேக்கும்."

"மிஸ்டர் பஸ்பி, உங்களுக்குக் கேட்டுதா?"

பஸ்பி வாயைத் திறந்தார். எதையோ சொல்ல வந்தவர், நிறுத்தினார். அவர் முகம் மாறியது.

"கேட்டிருந்தா லாந்தர் இந்நேரம் என் வண்டியில இருக்கும்" என்றார் மெதுவாக. "அதுக்குத்தானே காதைத் தீட்டிக்கிட்டிருந்தேன். சனிக்கிழமைன்னா எனக்குக் கடிகாரமே அதுதான்."

"மிஸ் கெட்டரிங்?"

கொரின் தம்பியைப் பார்த்தாள். "இன்னிக்கு ஊதலையே" என்றாள்.

"ஊதமாட்டாங்க" என்றார் வெர்னா. "வானம் கறுத்த நாள்ல சோதனைச் சங்கு கிடையாது. ஊதினா நிஜமாவே சூறாவளி வருதுன்னு ஜனங்க பயந்துடும். இன்னிக்குப் பன்னெண்டு மணிக்கு அது ஊதியிருந்தா, நாம எல்லாரும் இந்நேரம் அடித்தளத்துல குந்திக்கிட்டிருப்போம். சனிக்கிழமை பன்னெண்டுன்னா சங்குன்னு சின்ன வயசுலேருந்து உங்க காதுல ஏறிப்போயிருக்கு, நோலன். நேரம் சொல்லணும்னதும் வாய் அதைச் சொல்லிருச்சு."

"பழக்கத்துல சொல்லிட்டேன்." நோலனின் குரல் உயர்ந்தது. "மணி பன்னெண்டு இருக்கும்னு ஒரு கணக்குல சொன்னேன். அதனால நான் அங்க போகலேன்னு ஆயிடுமா?"

"ஆகாது. அதனாலதான் கம்பத்தைப் பார்த்துட்டு வந்தேன். ட்விலா, டேப்புக்கு அடியில மரம் எப்படி இருந்துது?"

"காஞ்சு போய். சுள்ளி மாதிரி."

"மழை எப்ப பிடிச்சுது?"

"எட்டரைக்கு."

"திரும்ப ஒட்டிப் பார்த்தியே?"

"ஒட்டல. துடைச்சுட்டு ஒட்டினேன், அப்பவும் ஒட்டல. ஈரக் கம்பத்துல எந்த டேப்பும் ஒட்டாது. அது எங்களுக்கெல்லாம்—" வெர்னா பார்த்தார். ட்விலா நிறுத்திக்கொண்டாள்.

"அந்தப் போர்டு மழைக்கு முன்னாடி ஒட்டினது" என்றார் வெர்னா. "விழவே இல்ல. விழுந்திருந்தா இந்த டேப்பை வச்சு உங்களால திரும்ப நிறுத்தியிருக்க முடியாது. உங்க அக்கா விரல்ல மோதிரம் இல்லாததைப் பார்த்துட்டு, இன்னிக்குப் பதினொண்ணே முக்காலுக்கு நீங்க கொட்டகைய விட்டுப் போனீங்க. மூலைக்குப் போகல. வீட்டைச் சுத்திக்கிட்டு முன்வாசல் வழியா உள்ள போனீங்க. உங்க வீடு. யார் பார்த்தாலும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க."

தெருக்கோடியில் ஒரு வண்டி திரும்பியது. அதன் கூரையில் நீல விளக்கு சுழன்றது. ரோண்டா நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"நோலன்," என்றார் வெர்னா, அதே குரலில், "அவர் உள்ள வந்து பேனாவை எடுத்துட்டா, இவ பேருதான் முதல்ல எழுதுவார்."

நோலன் தொப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஜீன்ஸின் சின்னப் பைக்குள் இரண்டு விரலை விட்டான். மோதிரத்தை எடுத்துக் கோப்பைகளுக்கு நடுவே மேசையில் வைத்தான்.

"அம்மா இதை என் பொண்ணு பெய்ஜுக்குன்னு சொன்னா" என்றான். "ஆஸ்பத்திரியில. நீ காபி வாங்கப் போயிருந்த, கொரின். அவளுக்குத்தான்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னா."

"ஆறு வருஷம் அம்மாவ நான் பார்த்துக்கிட்டேன்."

"தெரியும்."

"என்கிட்ட கேட்டிருக்கலாமேடா."

"கேட்டிருந்தா நம்பியிருப்பியா?"



"என்னைத் திருடின்னு அவ கத்தினப்போ நீ இங்கதானே நின்ன?" என்றாள் ரோண்டா.

"நீ உள்ள போனதே எனக்குத் தெரியாதும்மா. அதுக்கப்புறம், வாயைத் திறக்க முடியல."

வண்டிக் கதவு அடித்துச் சாத்தும் சத்தம். ஷெரீஃபின் ஆள் தொப்பி விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்ட உள்ளே வந்தார். இளைஞர். எல்லோரையும் ஒரு முறை பார்த்தார்.

"யாரு போன் பண்ணது? ஏதோ திருட்டுன்னாங்க."

கொரின் மோதிரத்தை எடுத்து விரலில் போட்டாள். கொஞ்சம் இறுக்கமாக இருந்தது; திருகித் திருகித் தள்ளினாள்.

"நான்தான். தப்பு நடந்துருச்சு. வீட்டுக்குள்ளயே இருந்துது."

"அப்ப எழுதறதுக்கு ஒண்ணுமில்லியா?"

"ஒண்ணுமில்ல."

"பதினெட்டு மைல் சுத்திக்கிட்டு வந்தேன்" என்றார் அவர், யாரையும் குறிப்பாகப் பார்க்காமல். "பாதி விலையில ஏதாவது நல்லதா இருக்கா?"

"லாந்தர் இல்ல" என்றார் பஸ்பி.

வண்டி போனதும் கொரின் ரோண்டாவிடம் வந்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். ரோண்டா கையை உயர்த்தித் தடுத்தாள். வலது கை. கடைசியில் அது பையிலிருந்து வெளியே வந்திருந்தது.

உள்ளங்கையில் கசங்கிய காகித டேப் ஒன்று. பதினைந்து டாலர் என்று கொரினின் கையெழுத்து.

ரோண்டா வாணலியைத் தூக்கி மேசையில் வைத்தாள். கைப்பிடியிலிருந்த நான்கை உரித்துக் கேக் தட்டில் ஒட்டினாள். பதினைந்தை நீவி விரித்து வாணலியில் ஒட்டினாள். அது சரியாக ஒட்டவில்லை. கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சும்மாவே எடுத்துக்கிட்டுப் போ" என்றாள் கொரின்.

"வேண்டாம்" என்றாள் ரோண்டா.

திரும்பும்போது ட்விலா வண்டியோட்டினாள். வெர்னா பக்கத்தில், கண்ணை மூடிக்கொண்டு. பின்னால் இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் ரோண்டா. பாலம் இன்னும் மூடியிருந்தது. சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். கண்ணாடித் துடைப்பான் வேகத்துக்கு மழை ஈடுகொடுத்தது. ட்விலா எதையாவது பேச நினைத்தாள். வாஷர்மன் தெருவில் நாளைக்கு ஒரு விற்பனை இருக்கிறது என்று சொல்லலாமா என்று பார்த்தாள்.

"அந்தக் கொரின் என்னை நம்பாததுல எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள் ரோண்டா, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "அவளுக்கு என்னைத் தெரியாது."

ட்விலா சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ உள்ள வந்ததும் என் மூஞ்சியப் பார்க்கல, கையத்தான் பார்த்த. உண்மையைச் சொல்லுடி ட்விலா, நான் எடுத்திருப்பேன்னு நெனச்சியா?"